ஆர்.சி. வேண்டாம்

நவம்பர் 10, ஞாயிறு

கார் இன்றும் ஆடியது. வளைவில் பரவாயில்லை. நேர்ப்பாதையில்தான், அதுவும் குறுக்கே யாருமே இல்லாத நேர்ப்பாதையில், முன்சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாகப் படபடவென்று உதறுகின்றன. மூன்றாவது சுற்றில் பாதையோரம் தடுப்பாகப் போட்ட குழாயில் முட்டிக் குப்புறக் கவிழ்ந்தது.

இது செட்டப் நோட்டு. தேதி, தரை, வெயில், முன் ஷாக் ஆயில், பின் ஷாக் ஆயில், ஸ்பிரிங், டயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. அது மட்டும் வாயாடி, எப்போதும் கட்டத்தைத் தாண்டிப் பக்கம் முழுக்க ஓடிவிடும்.

ஐம்பத்திரண்டு வயதுப் பல் டாக்டர் ரிமோட் கார் ஓட்டுகிறாளா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஐந்து வருஷமாகச் சிரிக்கிறார்கள். கார் என் முழங்கை நீளம் இருக்கும். நாலு சக்கரத்துக்கும் நாலு ஷாக், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் அளவு. உள்ளே ஆயிலும் பிஸ்டனும், வெளியே ஸ்பிரிங்கும். பைக்கில் இருப்பதேதான், சின்னதாக. மேடு பள்ளத்தில் விழுந்த அடியை அது வாங்கிக்கொண்டால் கார் நேராகப் போகும். வாங்காவிட்டால் உதறும். என்னுடையது உதறுகிறது என்றால் ஷாக்கில்தான் கோளாறு.

ஜனவரி 12, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, வருஷப் பந்தயம். இறுதிச் சுற்றில் பத்து கார்களுக்குத்தான் இடம். போன வருஷம் நான் பதினொன்று. அதற்கு முந்தின வருஷம் பன்னிரண்டு. இந்தத் தடவை உள்ளே போயாக வேண்டும்.

முன் ஆயில் 400. பின் 350. எண் கூடக் கூட ஆயில் கெட்டி. மாற்ற வேண்டும்.


நவம்பர் 12, செவ்வாய்

மதிய இடைவேளையில் கிளினிக்கிலேயே முன் ஷாக் இரண்டையும் கழற்றி 450 ஆயில் ஊற்றினேன். ஆயிலுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் போச்சு, ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் தொளதொளவென்றும் வேலை செய்யும். நான் எச்சில் உறிஞ்சும் மிஷினின் குழாயை ஒரு கண்ணாடி ஜாடியின் மூடியில் பொருத்தி, ஷாக்கை உள்ளே நிற்கவைத்து, குமிழிகளை உறிஞ்சி எடுத்துவிடுவேன். கோயமுத்தூரிலேயே குமிழி இல்லாத ஷாக் என்னுடையதுதான் என்று தாமு சொல்லுவார்.

தாமோதரன் சிங்காநல்லூரில் டீசல் பம்ப் ரிப்பேர் பார்க்கிறவர். ஐந்து வருஷத்துக்கு முன் கடைவாய்ப்பல்லைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். மரத்துப்போகிற ஊசி வேலை செய்யக் காத்திருக்கும்போது பையிலிருந்து ஒரு ஷாக்கை எடுத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். அது என்ன என்று கேட்டது என் தப்பு.

ஆயில் பாட்டிலின் மூக்கு சரியில்லை. மேஜையெல்லாம் சிந்தியது. பிலோமினா ஒன்றும் சொல்லாமல் பஞ்சு கொண்டுவந்து துடைத்தாள். பன்னிரண்டு வருஷமாக என்னிடம் உதவியாளராக இருக்கிறவள். ஒன்றும் சொல்லாமல் இருக்கிற ஆள் இல்லை அவள்.


நவம்பர் 14, வியாழன்

கண்டக்டர் குப்புராஜுக்கு மேல்வரிசை முன்பல்லில் வேர் சிகிச்சை, முதல் நாள். பல்லைத் திறந்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினேன். மனிதர் நாற்காலியில் அசைந்துகொண்டே இருந்தார். பல்லைத் துளைக்கிற பர் உதட்டில் லேசாகப் பட்டுவிட்டது. சின்னக் கீறல்தான்.

“அசையாதீங்கன்னு சொன்னேனில்லைங்க?”

“நான் அசையலீங்களே டாக்டரம்மா” என்றார் பஞ்சுக்குள்ளிருந்து. பிறகு அவரே, “உடுங்க, ரெண்டு நாளைக்கு விசில் ஊத மாட்டேன். பஸ்ஸைக் கையால தட்டிக்கிறேன்” என்று சிரித்தார்.

முப்பது வருஷத்தில் நான் யார் உதட்டையும் கீறியதில்லை. நாற்காலியின் லைட் சரியாக விழவில்லை. பல்ப் மாற்றச் சொல்ல வேண்டும்.


நவம்பர் 17, ஞாயிறு

450-லும் ஆடுகிறது.

எங்கள் பாதை சின்னியம்பாளையம் தாண்டி, மூடிக் கிடக்கும் ஒரு மில்லுக்குப் பின்னால் இருக்கிறது. செம்மண் தரை. தாமுவிடம் ரிமோட்டைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நாலு சுற்று ஓட்டினார். கார் நூல் பிடித்த மாதிரி போனது.

“கார் நல்லாத்தானுங்க இருக்குது டாக்டர்.”

தாமு ஓட்டினால் தள்ளுவண்டி கூட நேராகத்தான் போகும். அவரை வைத்து என் காரை எடைபோட முடியாது. அடுத்து 500 ஆயில்.


நவம்பர் 20, புதன்

இந்தப் பேனா சரியில்லை. ஞாயிறன்று எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை.


நவம்பர் 24, ஞாயிறு

500. ஆடுகிறது. ஸ்பிரிங்கை மிருதுவாக மாற்றினேன். ஆடுகிறது. கெட்டியாக மாற்றினேன். ஆடுகிறது. இரண்டு ஷாக்கின் நீளத்தையும் வெர்னியரில் அளந்தேன், மயிரிழை வித்தியாசமில்லை. ஒரு சாண் உயரத்திலிருந்து காரை மேஜையில் போட்டுப் பார்த்தேன். தப்பென்று உட்கார்ந்தது, துளி குதிக்கவில்லை. இப்படி உட்கார்கிற கார் ஓடும்போது ஏன் உதற வேண்டும்?

வெயிலில் நின்று நின்று அலுத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் காபி கொடுத்தார். பெரிய டம்ளரில் பாதி.

“ஏன் பாதி?”

“சூடா இருக்குது கோதை. பாதி குடிச்சிட்டு மறுபடி ஊத்திக்க.”

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் செல்வமணிக்கு என் நாக்கு சுடும் என்ற கவலை இப்போதுதான் வந்திருக்கிறது.


நவம்பர் 28, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். ஷாக் இல்லை, சர்வோ!

காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரம் அந்தரத்தில் இருக்க, ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உற்றுப் பார்த்தேன். தரையே படாமல் முன்சக்கரம் நடுங்குகிறது. அப்படியானால் ஷாக்குக்கு இதில் சம்பந்தமே இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்புகிற சின்ன மோட்டார் கெட்டுப்போயிருக்கிறது. மூன்று வாரம் ஆயிலைக் கொட்டிக் கொட்டி மாற்றியதற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

தாமுவைக் கூப்பிட்டேன். மதியமே புது சர்வோவோடு வந்து மாட்டினார். மறுபடி ரிமோட்டை எடுத்தேன். சக்கரம் அப்போதும் நடுங்கியது. தாமு சக்கரத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுவும் டூப்ளிகேட் சர்வோதானா?”

“இல்லீங்க.” ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டார். “ரிமோட்டைக் குடுங்க. உள்ள காண்டாக்ட் அழுக்கா இருக்கும். தொடச்சுச் சனிக்கிழமை கொண்டாந்து தர்றேன்.”


டிசம்பர் 1, ஞாயிறு

ஆடவில்லை!

பன்னிரண்டு சுற்று. நேர்ப்பாதையில் கவிழவே இல்லை. ஆயிலைப் பழையபடி 400-க்கே கொண்டுவந்துவிட்டேன். காண்டாக்டில் இருந்த அழுக்குக்காக இத்தனை பாடு. தாமுவுக்கு அன்னபூரணாவில் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தேன். என்னைவிட அவர்தான் சந்தோஷப்பட வேண்டும், ஆனால் தலை நிமிராமல் சாப்பிட்டார்.


டிசம்பர் 5, வியாழன்

கிளினிக்கில் கூட்டம் இல்லை. மூன்று வாரமாகப் பல் சுத்தம் செய்வதும் பல் செட்டுக்கு அளவெடுப்பதும்தான். வேர் சிகிச்சைக்கு ஒருவரும் வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் வேர் நன்றாகிவிட்டதா என்ன?

பிலோமினாவின் அப்பாயிண்ட்மெண்ட் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அட்டையின் உள்பக்கம் பென்சிலில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள்: ‘டாக்டரம்மாவுக்கு ஆர்.சி. வேண்டாம்.’

எங்கள் கிளினிக்கில் ஆர்.சி. என்றால் மூன்று. ரூட் கேனல் என்கிற வேர் சிகிச்சை ஒன்று. ரேடியோவில் ஓடுகிற என் கார் ஒன்று. பிலோமினா போகிற ஆர்.சி. சர்ச் ஒன்று. போன் வந்தால் எந்த ஆர்.சி. என்று கேட்டுச் சிரிப்பது எங்கள் பழைய விளையாட்டு. இது எந்த ஆர்.சி. என்று எனக்கு உடனே புரிந்தது. ஆயில் சிந்துகிறேன், உறிஞ்சுகிற மிஷினைக் காருக்கு உபயோகிக்கிறேன், அதுதான் அம்மணிக்குப் பொறுக்கவில்லை. கோபம் தலைக்கேறிவிட்டது.

“எனக்கு ஆர்.சி. வேண்டாம்னு முடிவு பண்ண நீ யாரு?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. கண்ணில் தண்ணீர். “மன்னிச்சிருங்க டாக்டரம்மா. நேரா சொல்லத் தைரியம் வரலீங்க. ஒருத்தருக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா...”

“ஞாயித்துக்கிழமை நான் மண்ணுல நின்னு என்னத்தையோ ஓட்டறேன். அதுல யாருக்கு என்ன ஆயிரும்?”

“ஞாயித்துக்கிழமையா?”

என் முகத்தையே பார்த்தாள். “சரிங்க டாக்டரம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, பல் அச்சுகளைக் கழுவப் போய்விட்டாள்.

கார் ஓட்டுவது ஒன்றுதான் எனக்கென்று இருப்பது. அதிலும் கை வைக்கிறார்கள்.


டிசம்பர் 8, ஞாயிறு

பதினாலு சுற்று. கவிழவில்லை. ஓடி முடித்தவர்கள் அடுத்த சுற்றில் பாதையோரம் நின்று, கவிழ்கிற கார்களை ஓடிப்போய் நிமிர்த்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எட்டு கார் நிமிர்த்தினேன். முழங்கால் இரண்டும் விட்டுப்போச்சு.


டிசம்பர் 13, வெள்ளி

கோட்டுக்குப் பட்டன் போட நேரம் பிடிக்கிறது. மார்கழி பிறக்கப் போகிறது, குளிருக்கு விரல் விறைக்கிறது.


டிசம்பர் 22, ஞாயிறு

கார் ஆடவில்லை, ஆனால் மந்தமாகிவிட்டது. வளைவில் லேசாகத் திருப்பினால் கேட்பதே இல்லை, நிறையத் திருப்பினால்தான் அசைகிறது. ஆயில் 400, ஸ்பிரிங் பழையதே. ஒன்றும் புரியாமல் ரிமோட்டின் திரையை ஒவ்வொரு பக்கமாகத் தட்டிக்கொண்டே போனேன். எக்ஸ்போ: 70.

எக்ஸ்போ என்பது ரிமோட்டின் சக்கரத்தை நூலளவு திருப்பினால் காரின் சக்கரம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் குறைக்கிற செட்டிங். நான் ஐந்து வருஷமாகப் பூஜ்யத்தில்தான் ஓட்டுகிறேன். எழுபதில் வைத்தால் சின்ன அசைவு எதுவும் காருக்குப் போய்ச் சேராது.

“தாமு, இதை யார் மாத்தினது?”

அவர் டயரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “நாந்தானுங்க.”

“எதுக்கு?”

“கார் ஆடுதுன்னீங்க.”

“காண்டாக்ட்ல அழுக்குன்னு சொன்னீங்களே?”

“அழுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர்.” அப்போதுதான் நிமிர்ந்தார். “வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க எனக்கு.”

கேட்காமல் என் ரிமோட்டைத் தொட்டதற்கு வாயில் வந்தபடி ஏசினேன். அவர் முன்னாலேயே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அவர் என் காரையும் பெட்டியையும் தூக்கிவந்து வண்டியில் வைத்துவிட்டுப் போனார். ஏசின ஆளின் பெட்டியைத் தூக்கிவந்து வைக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?


டிசம்பர் 24, செவ்வாய்

பிலோமினா இன்று மதியத்தோடு கிறிஸ்துமஸ் லீவில் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வருவாள். போகும்போது வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். “அவசரம்னு யாராச்சும் வந்தா டாக்டர் அமுதன்கிட்ட அனுப்பிருங்க டாக்டரம்மா. நான் அவர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்.” அமுதன் என்னிடம் வேலை பழகின பையன், இப்போது இதே கோயமுத்தூரில், ராமநாதபுரத்தில் தனியாகக் கிளினிக் வைத்திருக்கிறான். என் நோயாளிகளை நான் எதற்கு அவனிடம் அனுப்ப வேண்டும்?

கிளினிக்கைச் சாத்திக்கொண்டு காரை ஸ்டாண்டில் வைத்தேன். ரிமோட்டைக் கையில் எடுத்தால் முன்சக்கரம் நடுங்குகிறது. மேஜையில் வைத்தால் நின்றுவிடுகிறது. எடுத்தேன், நடுங்கியது. வைத்தேன், நின்றது. இருபது தடவையாவது செய்திருப்பேன்.

காண்டாக்ட் லூஸாக இருக்கலாம்.


டிசம்பர் 26, வியாழன்

காலை பத்தரைக்குக் குப்புராஜ் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. தற்காலிக அடைப்பு விழுந்து ஒரு வாரமாகிறதாம்.

“பொங்கல் கழிச்சு வாங்கன்னு அந்த நர்ஸம்மா சொன்னாங்க. தாங்க முடியலீங்க. விசிலை வாயில வெச்சா உசுரு போகுது.”

பொங்கல் கழித்து என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்தேன். ஊசி போட்டேன். ஊசி போடும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை நாளாக இப்படிப் பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மரத்துப்போகக் காத்திருந்தேன். பிறகு ஃபைலை எடுத்தேன். வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்கிற கம்பி அது, தலைமயிர் கனம்தான் இருக்கும். உள்ளே முறிந்தால் எடுக்கவே முடியாமல் போகலாம், பல்லே போய்விடலாம். குப்புராஜ் வாயைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டார். லைட் நன்றாக விழுந்தது, போன மாதமே பல்ப் மாற்றியாயிற்று. அவர் அசையவே இல்லை. ஃபைலின் நுனி பல்லுக்கு மேலே இடமும் வலமுமாக உதறிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் என் முன்சக்கரம் உதறுகிற அதே உதறல், அதே வேகம். எனக்கு அந்த வேகம் நன்றாகத் தெரியும். ஆறு வாரமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபைலைத் தட்டில் வைத்தேன். தட்டில் அது கிணுகிணுவென்று சத்தம் போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தது.

“முடிஞ்சுதுங்களா?”

“இல்லைங்க. இதை நான் செய்யக் கூடாது. என் கை நடுங்குது.”

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் ஒரு பஸ் கண்டக்டரிடம். அவர் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பார்த்தார். நான் மறைக்கவில்லை.

“அன்னைக்கே பார்த்தனுங்க டாக்டரம்மா. உதடு கிழிஞ்சப்பவே” என்றார், பாதி மரத்துப்போன வாயோடு. “சொன்னா வருத்தப்படுவீங்களேன்னு உட்டுட்டனுங்க.”

“அப்புறம் எதுக்கு மறுபடி என்கிட்ட வந்தீங்க?”

“உங்ககிட்டத்தானுங்களே வர்றோம், பத்து வருசமா!”

அமுதனுக்கு போன் செய்து, நானே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அமுதன் நாற்காலியைத் தயாராக வைத்திருந்தான். வேலை முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது, பல்வலி என்று நினைத்திருப்பார்கள்.


டிசம்பர் 27, வெள்ளி

பிலோமினா கேக்கோடு வந்தாள். நான் நோட்டின் அட்டையைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன்.

“இது எந்த ஆர்.சி.?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “பல்லுதானுங்க டாக்டரம்மா. காரை நான் ஏன் வேண்டாம்னு சொல்லப்போறேன்? ஞாயித்துக்கிழமை நீங்க காரை எடுத்துட்டுப் போனீங்கன்னாதான் திங்கக்கிழமை மனுசியா வர்றீங்க.”

“நேரா சொல்லியிருக்கலாமே.”

“சொன்னனுங்களே அன்னைக்கு. நீங்க ஞாயித்துக்கிழமைன்னீங்க.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை, அப்புறம் அது சிரிப்பாகவும் இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஏழு நோயாளிகளை அமுதனிடம் திருப்பி அனுப்பியிருக்கிறாள். எல்லோரிடமும் டாக்டரம்மாவுக்குக் கழுத்து வலி என்று சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபப்படத் தெம்பில்லை. அந்த ஏழு பேரில் ஒருவருக்கு என் கையால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவும் தெம்பில்லை.

இனி பார்ப்பது, சொல்வது, செட் அளவெடுப்பது. துளைப்பது இல்லை. ஆர்.சி. வேண்டாம்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். “தெரியும் கோதை” என்றார். காபியைப் பாதி ஊற்றினார். மறுபாதியைக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.


ஜனவரி 8, புதன்

நரம்பு டாக்டர் ஒரு சுருள் வரையச் சொன்னார். வரைந்தேன். ஷாக் ஸ்பிரிங்கை யாரோ காலால் மிதித்த மாதிரி இருந்தது. மாத்திரை எழுதியிருக்கிறார். இன்னும் இரண்டு டெஸ்ட் இருக்கிறது. மாத்திரையில் குறையலாம், போகாமலும் இருக்கலாம், போகும் என்று எண்ணி வேலையைத் திட்டமிடாதீர்கள் என்றார். நானும் நோயாளிகளிடம் இப்படித்தான் பேசியிருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறினேன். குப்புராஜின் பஸ். கூட்டத்தில் அவர் என்னைப் பார்க்கவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். என் ஸ்டாப் வந்ததும் இறங்கினேன். பின்னால் இரண்டு விசில், கணீரென்று. அந்தப் பல்லை நான் பாதியில் விட்டேன். பாதியில் விட்டதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது என் தொழிலில் இதுதான் முதல் தடவை.


ஜனவரி 12, ஞாயிறு

பந்தயம். பந்தயத்துக்கு முன்னால் ரிமோட்டைத் தாமுவிடம் நீட்டினேன்.

“எழுபது வெச்சுக் குடுங்க.”

“நீங்களே வெச்சுக்கலாமுங்களே.”

“சின்னப் பட்டன். கை நிக்க மாட்டேங்குது.”

வாங்கி வைத்துக் கொடுத்தார். ஏசினதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அது கெடக்குதுங்க” என்றார்.

கார் மந்தமாகத்தான் இருந்தது. வளைவுகளை ஒரு கார் நீளம் முன்னாடியே திருப்பப் பழகிக்கொண்டால் சமாளிக்கலாம். இரண்டு இடத்தில் பழக்க தோஷத்தில் தாமதமாகத் திருப்பிவிட்டேன். கவிழவில்லை. மறுபடியும் பதினொன்று. இறுதிச் சுற்றில் இடம் இல்லை. பாதையோரம் நின்று மற்றவர்கள் காரை நிமிர்த்தினேன். ஒரு காரை நிமிர்த்த இந்தக் கை போதும், நடுங்கினாலும் கார் நிமிர்ந்துவிடும்.

வருத்தமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது பொய். ரொம்பவும் களைப்பாகவும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். 400, 450, 500, மறுபடி 400. நாலு ஷாக்கும் நவம்பர் பத்தாம் தேதியே சரியாகத்தான் இருந்திருக்கின்றன. இத்தனை கட்டம் போட்ட நான் ஒரு கட்டத்தை மட்டும் விட்டிருக்கிறேன். ஸ்கேல் வைத்து, டயருக்கும் குறிப்புக்கும் நடுவில் ஒரு கோடு போட்டேன். ஸ்கேல் வைத்தும் கோடு நேராக வரவில்லை.

தரை: காய்ந்த செம்மண். வெயில்: சுமார். முன் ஆயில்: 400. பின் ஆயில்: 350. ஸ்பிரிங்: பழையதே. டயர்: பாதி தேய்ந்தது.

ஓட்டுபவர்: வலது கை நடுங்குகிறது.